நடுச்சுவரை எடுக்கலாமா, விடலாமா?

எழுத நினைத்து உட்கார்ந்து, எழுதாமலே எழுந்துபோன பதிவு இது. நாலு மாதம் ஆகிவிட்டது.

இரண்டு கர்ப்பம் கலைந்த பிறகுதான், என் கர்ப்பப்பைக்குள் பிறவியிலேயே ஒரு சுவர் இருப்பது தெரிந்தது. அதை வெட்டி எடுப்பதா, அப்படியே விட்டுவிட்டு மறுபடியும் முயல்வதா என்று தீர்மானிக்க எனக்கு இவ்வளவு நாள் பிடித்தது. அந்த நாட்களில் நடுராத்திரியில் போனை வைத்துக்கொண்டு தமிழில் தேடியிருக்கிறேன். கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் ஆஸ்பத்திரி விளம்பரங்கள். இன்றைக்கு ராத்திரி இன்னொருத்தி அதே மாதிரி தேடினால், அவள் கையில் இது கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. திருவரங்குளத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் புதுக்கோட்டை போய், ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு தொகை சரியாக வந்துவிட்டாலும், அது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை பின்னால் போய்ப் பார்ப்பாள். அந்தப் பழக்கம்தான் இந்த நாலு மாதத்தில் என்னைக் காப்பாற்றியது.

முதல் தடவை ஒன்பதாவது வாரம். ஸ்கேனில் துடிப்பு இல்லை என்றார்கள். ‘முதல் கரு இப்படித்தான் சில பேருக்கு, கவலைப்படாதே’ என்று எல்லாரும் சொன்னார்கள். அது உண்மையும்கூட. ஊர்ஜிதமான கர்ப்பங்களில் ஏழில் ஒன்று அளவுக்குக் கலைந்துபோகிறது. முதல் மூன்று மாதத்துக்குள் கலைவதில் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. தாய் எதுவும் செய்ததாலும் இல்லை, செய்யாததாலும் இல்லை.

இரண்டாவது தடவை பதினாலாவது வாரம். அதற்குள் பன்னிரண்டாவது வார ஸ்கேனில் கையும் காலும் பார்த்திருந்தேன். நர்ஸம்மா வீட்டுக்கு வந்து கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் பதிந்து, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு ஆதார், பாஸ்புக் நகலெல்லாம் வாங்கிப் போயிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இடுப்பு வலித்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் நர்ஸம்மா மறுபடி வந்தார். வாசலில் என் முகத்தைப் பார்த்தவர், நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு யாரும் எனக்குச் செய்ததிலேயே பெரிய வைத்தியம் அதுதான்.

நான் நாலாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று சட்டத்தில் இருக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும், டாக்டர் கொடுக்கும் சான்று இருந்தால் போதும். எனக்கு அப்போது தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: கேளுங்கள். அந்த ஆறு வாரம் உங்களுடையது.

இன்னொன்று. கலைந்த கருவின் திசுவைக் குரோமோசோம் சோதனைக்கு அனுப்பலாம் என்பதும் எனக்குத் தெரியாது. அதற்குக் கிருமி நீக்கிய சலைனில் போட்டு அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போட்டுவிட்டால் செல்லை வளர்த்துக் குரோமோசோமைப் பார்க்க முடியாது. இரண்டாவது தடவை கலைகிறவர்கள், அந்த வேதனைக்கு நடுவிலும், கூட இருப்பவரிடம் சொல்லி இதைக் கேட்கச் சொல்லுங்கள். குரோமோசோமில் கோளாறு என்று வந்தால் கர்ப்பப்பையைக் குற்றம் சொல்ல அவசியமில்லாமல் போகலாம். கோளாறு இல்லை என்று வந்தால் தேட வேண்டிய இடம் வேறு. எனக்கு அந்தத் தகவல் இல்லாமலே போய்விட்டது.

அதன் பிறகு வீட்டில் விசாரணை நடந்தது. அத்தை, அதாவது என் மாமியார், மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். “பைக்ல போனியே தாயி, அந்த ரோட்டுல பள்ளம் கொஞ்சமா?” “பெரிய கடையாச்சே, எத்தனை மாடி ஏறி எறங்குனியோ.” அம்மா பப்பாளியைச் சொன்னாள். எனக்கோ, அந்த வாரம் ஒருநாள் ஸ்டாக் எடுக்கும்போது துணிக்கட்டு ஒன்றை நகர்த்தியது ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஒரு கட்டை ராத்திரி ராத்திரியாக நகர்த்திக்கொண்டிருந்தேன்.

டியூப் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். மருந்தை உள்ளே செலுத்தி எக்ஸ்ரே எடுப்பதைத்தான் நம் பக்கம் அப்படிச் சொல்கிறோம். ரிப்போர்ட்டில் ‘பைகார்னுவேட்’ என்று இருந்தது. கர்ப்பப்பை இரண்டாகப் பிரிந்து இரண்டு கொம்பு போல இருக்கிறது என்றார் பார்த்த டாக்டர். வயிற்றைத் திறந்து இரண்டையும் சேர்த்துத் தைக்கும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, யோசியுங்கள் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அழவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: எனக்கு நிம்மதியாக இருந்தது. பைக் இல்லை. மாடிப்படி இல்லை. பப்பாளி இல்லை. அந்தத் துணிக்கட்டும் இல்லை. காரணம் என்று ஒன்று, எக்ஸ்ரே படத்தில், வெள்ளையாக, கையில் இருக்கிறது. என் வீட்டுக்காரரும் அன்று ராத்திரி, “காரணம் தெரிஞ்சிருச்சுல்ல, ஆபரேஷனப் பண்ணிருவோம்” என்றார். வேறு எதுவும் செய்ய முடியாமல் ஆறேழு மாதம் தவித்த மனுஷனுக்கு, செய்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். காரணம் கிடைத்த நிம்மதி வேறு, முடிவு எடுப்பது வேறு. அந்த நிம்மதியின் சூட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடத் தோன்றும். நான் போட இருந்தேன்.

என்னைத் தடுத்தவள் அக்கா. திருச்சியில் இருக்கிறாள். “வயித்தத் தொறக்குறதுக்கு முன்னாடி இன்னொருத்தர்கிட்ட காட்டிருவோம் வா” என்று இழுத்துக்கொண்டு போனாள். அந்த டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் இரண்டு வீடு வரைந்தார்.

“இந்தப் படம் உள்ளே நின்னு எடுத்த மாதிரி. உள்ளே நின்னு பார்த்தா ரெண்டு ரூம் தெரியுது. ஆனா இது நடுச்சுவர் வெச்ச ஒரே வீடா, இல்ல ஒட்டிக் கட்டின ரெண்டு வீடான்னு உள்ளே நின்னு சொல்ல முடியாது. வெளியே போய் கூரையைப் பார்க்கணும்.”

கூரை ஒரே சீராக இருந்து உள்ளே மட்டும் சுவர் இருந்தால் அது செப்டேட். கூரையே நடுவில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பள்ளமாக இறங்கியிருந்தால் பைகார்னுவேட். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. செப்டேட் என்றால், வயிற்றில் கத்தியே வைக்காமல், கர்ப்பவாய் வழியாகக் கேமராவை விட்டு அந்தச் சுவரை வெட்டலாம். பைகார்னுவேட் கர்ப்பப்பைக்குள் அப்படி வெட்டினால் கர்ப்பப்பையே ஓட்டையாகிவிடும், ஏனென்றால் அங்கே வெட்டுவதற்குத் தனிச் சுவர் கிடையாது. அதற்கு இருக்கும் ஆபரேஷன், ஜெர்மனியில் பவுல் ஸ்ட்ராஸ்மன் என்ற டாக்டர் 1907-ல் விவரித்தது. கர்ப்பப்பையை மேலே திறந்து இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்துத் தைப்பது. அடுத்த கர்ப்பத்தில் அந்தத் தையல் விட்டுவிடும் பயம் இருப்பதால் சிசேரியன்தான் செய்வார்கள். பைகார்னுவேட் உள்ளவர்களில் பலர் எந்த ஆபரேஷனும் இல்லாமலே குழந்தை பெறுவதால், இன்று அதைச் சுலபத்தில் யாரும் பரிந்துரைப்பதில்லை.

கூரையைப் பார்க்க இரண்டு வழி: த்ரீ-டி ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. எனக்கு த்ரீ-டி ஸ்கேன் எடுத்தார்கள். மாதவிலக்குச் சுற்றின் பின்பாதியில் எடுத்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்து, படம் தெளிவாக வரும் என்று தேதி பார்த்து வரச்சொன்னார்கள். முடிவு: கூரை சீராக இருக்கிறது. உள்ளே நடுச்சுவர், மேலிருந்து 18 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. செப்டேட்.

முதல் ரிப்போர்ட்டை நம்பி வயிற்றைத் திறக்கப் போயிருந்தால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் இன்றும் எனக்குக் கை சில்லிடுகிறது. ரிப்போர்ட் எழுதியவரைக் குறை சொல்லவில்லை. அந்தச் சோதனையால் அதற்கு மேல் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

சுவர் எப்படி வந்தது என்று கேட்டேன். பெண் சிசு தாய் வயிற்றில் இருக்கும்போது, கர்ப்பப்பை முதலில் இரண்டு குழாய்களாகத்தான் உருவாகிறதாம். முல்லர் குழாய்கள் என்று பெயர். அவை நடுவில் சேர்ந்து ஒன்றாகி, சேர்ந்த இடத்தில் நிற்கும் சுவர் இருபதாவது வாரத்தை ஒட்டிக் கரைந்துவிடும். சிலருக்கு அது முழுசாகக் கரையாமல் நின்றுவிடுகிறது. சாதாரணப் பெண்கள் நூறு பேரில் இரண்டு பேருக்கு இருக்கலாம் என்று கணக்கு. இந்த மாதிரி அமைப்பு மாறுபாடு உள்ளவர்களுக்குச் சில சமயம் கிட்னியிலும் மாறுபாடு இருக்கும் என்பதால் அதையும் ஒரு ஸ்கேன் பார்த்தார்கள். எனக்கு இரண்டும் சரியாக இருந்தன.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவள் முகம் மாறியது. “அப்ப... நீ என் வயித்துல இருக்கும்போதே ஆனதா? நான் அப்ப நாத்து நட போனேன் தாயி. அதனால இருக்குமா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மேல் இருந்து இறங்கிய பழி எங்கேயும் போகவில்லை. நேராக அம்மா மேல் போய் உட்கார்ந்துவிட்டது. “நாத்து நட்ட எல்லாருக்குமா இப்படி ஆச்சும்மா? அது தானா நடக்குறது, யாரும் செஞ்சதில்ல” என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவளுக்குச் சொல்லச் சொல்ல எனக்கே அது கேட்டது.

அத்தை திருக்கருகாவூர் போகலாம் என்றார்கள். போனோம். கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் நெய் வாங்கி வந்து சாப்பிட்டேன். அங்கே பிராகாரத்தில் என் வயசுப் பெண்கள் எத்தனை பேர்! யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அந்த நெய்யிலும் நம்பிக்கை உண்டு, ஸ்கேனிலும் உண்டு. ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று அத்தையும் சொல்லவில்லை, டாக்டரம்மாவும் சொல்லவில்லை.

இனித்தான் கஷ்டமான பகுதி. சுவர் இருக்கிறது என்பது உறுதி. ஆனால் அந்தச் சுவர்தான் காரணமா? வெட்டினால் குழந்தை தங்குமா?

நான் தேடிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்ட எண்கள் தலையைச் சுற்ற வைத்தன. 2000-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, செப்டம் என்கிற இந்த நடுச்சுவர் உள்ள பெண்களின் பழைய கர்ப்பங்களையும், ஆபரேஷனுக்குப் பின் வந்த கர்ப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தது. முன்பு கலைந்தது நூற்றுக்கு 88. பின்பு கலைந்தது நூற்றுக்கு 14. இதைப் பார்த்தால் யார்தான் யோசிப்பார்கள்?

கணக்கு எழுதுகிறவள் பின்னால் போய்ப் பார்த்தேன். அந்த 88 எங்கிருந்து வந்தது? கரு கலைந்து கலைந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களிடமிருந்து. சுவர் இருந்தும் நல்லபடியாகப் பெற்றுக்கொண்டவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். அவர்களுக்கு யார் ஸ்கேன் எடுத்தது? என் அப்பத்தாவுக்கு ஏழு பேறுகாலம், நின்றது நாலு. அவள் வயிற்றில் சுவர் இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தவிர, இரண்டு தடவை கலைந்த பெண்ணுக்கு எந்த ஆபரேஷனும் இல்லாமலேயே அடுத்தது தங்குவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்படித் தங்கியதையும் கத்தரிக்கோலின் கணக்கில் வரவு வைத்துவிட்டார்களோ?

அப்படியானால் சரியாகப் பார்ப்பது எப்படி? இதற்கு விடை எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருந்தது. வம்பனில் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அப்பா உளுந்து விதைக்கு அங்கேதான் போவார். சின்ன வயசில் கூடப் போயிருக்கிறேன். சோதனை வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக் குச்சி நட்டு எண் போட்டிருப்பார்கள். ஒரு பாத்தியில் புது முறை, பக்கத்துப் பாத்தியில் பழைய முறை. எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரிதான் முடிவு செய்வார்கள். “நல்ல மண்ணாப் பாத்துப் புது வெதையப் போட்டுட்டு, பாருங்க நல்லா வெளைஞ்சிருக்குன்னா அது ஏமாத்து வேலைம்மா” என்று அப்பா சொல்வார்.

கர்ப்பப்பைச் சுவருக்கு அப்படி ஒரு பாத்திச் சோதனை நடந்திருக்கிறது. பெயர் ‘டிரஸ்ட்’. நெதர்லாந்து டாக்டர்கள் முன்னின்று நடத்தியது. நெதர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா, ஈரான் ஆகிய நாடுகளின் பத்து ஆஸ்பத்திரிகளில் செப்டம் உள்ள 80 பெண்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், இன்னொரு பிரிவுக்கு ஆபரேஷன் இல்லாமல் காத்திருப்பு. 2021-ல் முடிவு வெளியானது. ஆபரேஷன் பிரிவில் கணக்கில் வந்த 39 பேரில் 12 பேருக்கு உயிருள்ள குழந்தை பிறந்தது. காத்திருந்த பிரிவில் 40 பேரில் 14 பேருக்கு. அதாவது வெட்டியவர்களில் நூற்றுக்கு 31, காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 35. வெட்டியதால் கூடவில்லை. ஆபரேஷன் செய்தவர்களில் ஒருவருக்குக் கர்ப்பப்பையில் ஓட்டை விழுந்தது.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. கையில் கிடைத்த காரணத்தை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

ஆனால் இந்த எண்ணையும் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும் அல்லவா? 80 பேர் என்பது ரொம்பச் சின்ன வயல். அந்த 80 பேரைச் சேர்க்கவே எட்டு வருடம் ஆகியிருக்கிறது, ஏனென்றால் பெண்களும் டாக்டர்களும் ‘வெட்டினால் நல்லது’ என்று ஏற்கெனவே மனசில் முடிவு செய்திருந்தார்கள். அதில் கரு தரிக்கவே சிரமப்பட்டவர்களும் உண்டு, கரு கலைந்தவர்களும் உண்டு, குறைமாதத்தில் பெற்றவர்களும் உண்டு. என்னைப் போல இரண்டு தடவை, அதிலும் ஒன்று பதினாலாவது வாரத்தில், இழந்தவர்களை மட்டும் தனியாகப் பார்க்க அந்த ஆய்வால் முடியாது. ஆக, வெட்டினால் பலன் இல்லை என்று அது நிரூபிக்கவில்லை. பலன் உண்டு என்று நாம் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு ஆதாரம் போதாது என்று காட்டியிருக்கிறது.

பெரிய அமைப்புகளே ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2015-ல், கரு திரும்பத் திரும்பக் கலைகிறவர்களுக்கு இந்த ஆபரேஷன் செய்ய ஆதாரம் போதும் என்றது. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2017-ல், பலன் உண்டா என்பதை ஆய்வு நடத்திப் பார்க்க வேண்டும் என்றது. எது சுவர் என்பதிலேயே அளவுகோல் மாறுகிறது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2016-ல் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால்தான் செப்டம் என்றது. 2021-ல் அதையே ஒரு சென்டிமீட்டர் என்று குறைத்தது. 12 மில்லிமீட்டர் உள்ள ஒருத்திக்கு ஒரு வருடம் அது சுவர் இல்லை, இன்னொரு வருடம் சுவர். சுவரில் ரத்த ஓட்டம் குறைவு, அதில் ஒட்டிய கரு வாடிவிடும் என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். வெட்டி எடுத்த துண்டுகளைப் பார்த்தவர்களோ அதில் தசையும் ரத்தக்குழாய்களும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இத்தனையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் அந்தத் தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் பதில் சொன்னார். நான் கேட்டவற்றை இங்கே தருகிறேன். உங்கள் டாக்டரிடமும் கேளுங்கள்.

1. என் கர்ப்பப்பையின் வெளிக்கூரை எப்படி இருக்கிறது? எந்த ஸ்கேனில் பார்த்தீர்கள்? சுவரின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர்?

2. வேறு காரணங்களைப் பார்த்தாயிற்றா? தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறையும் தன்மைக்கான ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனை. இந்தக் கடைசிச் சோதனையில் பாசிட்டிவ் வந்தால் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

3. நீங்கள் இதுவரை இந்த ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறீர்கள்?

4. கத்தரிக்கோலால் வெட்டுவீர்களா, கரன்ட் வைத்தா? கர்ப்பப்பையை விரிக்க உள்ளே எந்தத் திரவம் விடுவீர்கள்? உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று யார் அளப்பார்கள்?

5. ஆபரேஷன் செய்யாமல் விட்டால் எனக்கு என்ன ஆகலாம்?

நாலாவது கேள்வி ஏன் என்றால், கேமராவை விட்டுச் செய்யும் இந்த ஹிஸ்டெரோஸ்கோப்பியில் கர்ப்பப்பையை விரித்துப் பிடிக்கத் திரவம் விடுகிறார்கள். அது அளவுக்கு மீறி ரத்தத்தில் கலந்தால் உப்புச்சத்து குறைந்து ஆபத்தாகலாம். கிளைசின் கரைசலைவிட சலைனில் அந்த ஆபத்து குறைவு, ஆனாலும் அளவு பார்க்கத்தான் வேண்டும். மற்ற ஆபத்துகள்: ஓட்டை விழுவது, பிறகு உள்ளே ஒட்டுத்தழும்பு வருவது, அபூர்வமாக அடுத்த கர்ப்பத்தில் கர்ப்பப்பை கிழிவது. மறுபக்கம், காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். வெளியில் தழும்பு கிடையாது. இரண்டு மாதத்தில் உள்ளே ஆறிவிடும், அதன் பிறகு முயலலாம். இதற்காகவே சிசேரியன் செய்ய வேண்டும் என்பது இல்லை, ஆனால் பேறுகாலம் பார்க்கிற டாக்டருக்கு இந்த ஆபரேஷன் நடந்தது தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது கேள்விக்கு அவர் சொன்னதுதான் என்னை அசைத்தது. “அடுத்தது நல்லபடியா தங்கலாம். தங்காமலும் போகலாம். வெட்டினாலும் இதே பதில்தான்மா. வெட்டினா உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா வாய்ப்பு இருக்கும்னு நான் நம்புறேன், ஏன்னா உங்களோட ரெண்டாவது பதினாலு வாரத்துல போச்சு. ஆனா நம்புறேன்னுதான் சொல்ல முடியும். தெரியும்னு சொல்ல மாட்டேன்.”

எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் இவரும் நானும் டீ குடித்தோம். “நீ என்ன சொல்றே?” என்றார். முதல் தடவையாக ‘பண்ணிருவோம்’ என்று சொல்லாமல் கேட்டார். எனக்கு நானே ஒரு கேள்வி போட்டுக்கொண்டேன். வெட்டிய பிறகும் அடுத்தது கலைந்தால், ‘வெட்டியிருக்கக் கூடாதோ’ என்று என்னை நானே அரித்துக்கொள்வேனா? வெட்டாமல் இருந்து கலைந்தால், ‘வெட்டியிருக்கலாமோ’ என்று அரித்துக்கொள்வேனா? எது எனக்குத் தாங்கும்?

எனக்கு முப்பத்தொரு வயசு. மற்ற சோதனைகளெல்லாம் சரியாக வந்துவிட்டன. சுவர் 18 மில்லிமீட்டர், எந்த அளவுகோலை வைத்தாலும் அது சுவர்தான். கத்தரிக்கோலும் சலைனும் வைத்து, இதைப் பலமுறை செய்த கை. நான் வெட்டிக்கொள்வதாக முடிவு செய்தேன். எங்கள் கடையில் கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவருக்குச் சின்ன வளைவுதான், ஒரு தடவைதான் கலைந்தது. அவர் வேண்டாம் என்று முடிவு செய்தார். அவர் முடிவும் சரி, என் முடிவும் சரி. இரண்டு பேரும் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்தோம்.

நான் விண்ணப்பித்த அந்த நிதியுதவிக்குப் பெயரான முத்துலட்சுமி ரெட்டி இந்தப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர். பெண்களே இல்லாத மகாராஜா கல்லூரியில் உட்கார்ந்து படித்து, 1912-ல் சென்னையில் டாக்டராகி வெளியே வந்தார். அவர் பெயர் போட்ட விண்ணப்பத்தில் நான் ஒரு தடவை கையெழுத்துப் போட்டு, அது பாதியில் நின்றுபோனது. இப்போது நினைத்தால், அந்தப் பெயருக்கு நான் செலுத்தும் மரியாதை அந்தக் கையெழுத்தில் இல்லை. ஒரு பெண் டாக்டருக்கு எதிரில், ஒரு தாளில் ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு நான் உட்கார்ந்ததில் இருக்கிறது.

அத்தைக்குத்தான் கடைசிவரை மனசு ஒப்பவில்லை. நேற்றுக் காலையில் எங்கள் ஊர் ஹரிதீர்த்தேசுவரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, “அன்னைக்கு நானும் திருச்சிக்கு வர்றேன்த்தா, வெளியில உக்காந்திருக்கேன்” என்றார்கள். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

ஆபரேஷனுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. மாதவிலக்கு முடிந்த கையோடு, உள்சவ்வு மெல்லிசாக இருக்கும் நாட்களில்தான் கேமராவில் சுவர் தெளிவாகத் தெரியுமாம். ‘குளித்ததும் போன் பண்ணுங்க’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

கல்யாணமாகி ஐந்து வருடம். ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதி நெருங்கும்போது, வந்துவிடக் கூடாது, வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு காலண்டரைப் பார்ப்பேன். வந்த நாளில் பாத்ரூமில் நின்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுவேன்.

இந்த மாதம் முதல் தடவையாக, வரட்டும் என்று காத்திருக்கிறேன்.